துபாயும் சாங்கியும்: விமான மையத்தை வளர்த்த இரு வழிகள்

உள்நாட்டு வான்வழிச் சந்தை இல்லாத துபாயும் சிங்கப்பூரும், பிற நாடுகளுக்கிடையே செல்வோர் இடையில் விமானம் மாறுவதைப் பெரிதும் நம்பியே தத்தம் மையங்களை வளர்த்தன. ஆயினும் விமான நிலையத்துக்கும் விமான நிறுவனத்துக்கும் உள்ள உறவை அவை வெவ்வேறாக வகுத்துக்கொண்டன.

துபாயில் இரண்டும் ஒரே தலைமையின்கீழ்த் திட்டமிடப்படுகின்றன. 1985இல் குத்தகை விமானங்களுடன் தொடங்கிய எமிரேட்ஸ் விமான நிறுவனத்துக்கென்றே 2008இல் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டது. 2013இல் அங்கே சேர்ந்த புதிய பகுதியில், மேல்தட்டு வகுப்புப் பயணிகள் ஓய்வுக்கூடத்திலிருந்தே இரட்டைத்தளப் பெருவிமானமான ஏ380இன் மேல்தளத்துக்கு நேராக ஏறிவிடலாம். நிலையமும் நிறுவனமும் தனித்தனியே முடிவெடுக்கும் இடத்தில் இத்தகைய பொருத்தம் எளிதில் கைகூடாது. எமிரேட்ஸ் எந்த உலக விமான நிறுவனக் கூட்டணியிலும் சேரவில்லை. சிறு நகரங்களுக்குத் துபாயின் மற்றொரு விமான நிறுவனமான ஃப்ளைதுபாயுடன் 2017இல் கைகோத்தது.

சிங்கப்பூரிலோ சாங்கி விமான நிலையக் குழுமம் 2009இல் தனி நிறுவனமாக்கப்பட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000இலேயே ஸ்டார் அலையன்ஸ் என்ற உலகக் கூட்டணியில் இணைந்துவிட்டதால், தான் பறக்காத ஊர்களின் பயணிகளையும் கூட்டாளிகள் வழியே பெறுகிறது. அதன் துணை நிறுவனமான ஸ்கூட், திருச்சி, கோயம்புத்தூர் பயணிகளைக்கூட ஆஸ்திரேலியச் சேவைகளோடு இணைக்கிறது.

2013இல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ், தன் லண்டன் விமானங்கள் வழியில் நிற்கும் இடத்தைச் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது. 2018இல் மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பியது. ஒரு விமான நிறுவனம் விலகினாலும் பல நிறுவனங்கள் எஞ்சியிருக்கும் சாங்கியின் ஏற்பாடே பிற நாடுகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. துபாயின் வழிக்குப் பெரும் விமானங்களைத் தொடர்ந்து வாங்கும் முதலீட்டு வலிமையும், முடிவுகள் ஒரே இடத்தில் குவிந்த ஆட்சியமைப்பும் தேவைப்படுகின்றன.