பாதியா, முழுசா, இரட்டிப்பா: களைக்கொல்லி தாங்கும் சோயாவுக்கு எந்த அளவு?

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அங்கே ஒரு தெளிப்புக்கு வழக்கமான அளவு, ஹெக்டேருக்கு 0.84 கிலோ கிளைபோசேட் அமிலம். நமக்குப் பழக்கமான 41% திரவத்தில் கணக்குப் போட்டால் சுமார் 2.3 லிட்டர்.

பயிரை மட்டும் பார்த்தால், இரட்டிப்பு அளவில்கூடப் பெரிய சேதம் இல்லை. பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சேர்த்த மரபணு தரும் நொதியைக் கிளைபோசேட்டால் முடக்க முடியாது. ஆனால் கொழுந்து இலைகள் மஞ்சளிக்கும். செடிக்குள் மருந்து சிதைந்து உண்டாகும் ‘ஆம்பா’ தேங்குவதே காரணம். மஞ்சள் நேர்ப்பட்டையாக ஓடினால் தெளிப்பு இருமுறை விழுந்திருக்கிறது. திட்டுத்திட்டாக இருந்தால் இரும்பு, மாங்கனீசுக் குறையைச் சந்தேகிக்கலாம். மருந்தால் வந்தது ஓரிரு வாரத்தில் தெளிந்துவிடும். விளைச்சல் பெரும்பாலும் குறையாது.

பாதி அளவுதான் காலை வாரும். அதிலும் தண்ணீர் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். சென்னைக் கடலோர போர்வெல் தண்ணீர் போல லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 500 லிட்டரில் பாதி மருந்தைக் கலந்தால், தொட்டியில் ஒவ்வொரு கிளைபோசேட் மூலக்கூறையும் பிடித்து முடக்க ஒரு கால்சியம் காத்திருக்கும். முழு அளவை 200 லிட்டரில் கலந்தால் ஐந்துக்கு ஒன்றுதான். அம்மோனியம் சல்பேட்டை 100 லிட்டருக்கு 1 முதல் 2 கிலோ முதலில் கரைத்து, அதன்பிறகே மருந்தை ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் பலன் குறையும்.

ஒரே தடவையில் 1.68 கிலோவா, 0.84 வீதம் இரண்டு தடவையா? இரண்டு தடவைதான். முதல் தெளிப்பு களை 5 முதல் 10 செ.மீ. இருக்கும்போது, அடுத்தது இரண்டு மூன்று வாரம் கழித்து, முழுப் பூப்புக்கு முன். தாமதமாக ஒரே அடியாக அடித்தால் களை சாகலாம், ஆனால் அதற்குள் அது தின்ற உரமும் ஈரமும் திரும்பாது. தப்பிய களை விதை போட்டால் அடுத்த பருவமும் தொல்லைதான். 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பாமர் என்ற கீரை வகைக் களை கிளைபோசேட்டுக்கு அசையாமல் நின்றது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் நம்பியதே அங்கே முதல் குற்றவாளி.

குளுஃபோசினேட் என்ற வேறொரு களைக்கொல்லியைத் தாங்கும் ரகத்தில் கணக்கே வேறு. அது பட்ட இடத்தை மட்டும் கருக்கும். நல்ல வெயிலும் இலை முழுக்க நனையும் அளவு தண்ணீரும் வேண்டும். கிளைபோசேட் ரகத்தின்மேல் தவறி அடித்தால் பயிரே போய்விடும்.

இந்தியாவில் இந்த ரகங்களைப் பயிரிட அனுமதி இல்லை. சாதாரண சோயாவுக்கு இமாசெதாபிர் என்ற களைக்கொல்லியின் 10% திரவம், ஏக்கருக்கு 400 மி.லி., விதைத்த 15 முதல் 20 நாளில். இங்கே ‘கொஞ்சம் கூடுதலாக’ என்ற கை வேண்டாம். செடி தானாகச் சிதைத்துத் தாங்கும் மருந்து இது. அளவு மிஞ்சினால் கணு குறுகிப் பயிர் குட்டையாகும், மண்ணில் தங்கும் மிச்சம் அடுத்து வரும் கடுகையும் சோளத்தையும் பதம் பார்க்கும்.