"நோயே வராத ரோசா" வாங்கி ஏமாந்தேன், திருகோணமலை ஆட்கள் கவனம்

உப்புவெளிப் பக்கம் லொறியில் பூக்கன்று கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் போன ஆவணியில் ஐந்து ரோசாக்கன்று வாங்கினேன். ஒன்று 3,500 ரூபா. ஐந்தும் போய்விட்டன. அவர் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

"அக்கா, இது நோக் அவுட். நோயே வராது, மருந்தே அடிக்கத் தேவையில்லை, எந்த ஊரிலயும் வளரும்" என்றார். எனக்கு மருந்தடிக்காத பூதான் வேண்டும். அம்மா விடியப் பறித்துச் சாமிப் படத்துக்கு வைப்பார், சின்னவள் இதழைப் பிய்த்து வாயில் போட்டுவிடுவாள். பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்தேன்.

நோக் அவுட் என்ற ரோசா உண்மையில் இருக்கிறது. அமெரிக்காவில் மில்வாக்கியைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் உருவாக்கியது, 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. கரும்புள்ளி நோய் பிடித்த இலைகளைக் காயவைத்துத் தூளாக்கி, நாற்றுகளின் மேல் தூவி, தண்ணீரும் தெளித்து, அதிலும் தப்பியதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அதன் பலம் முக்கியமாக அந்தக் கரும்புள்ளிக்கு எதிரானது. கச்சான் காற்றுக்கும் உவர்க் கிணற்றுத் தண்ணீருக்கும் அது காவல் இல்லை. சரி, எனக்குக் கிடைத்தது அந்த ரோசாவாவது இருந்ததா? அதுவும் இல்லை.

நட்ட இரண்டாம் கிழமையே இலை ஓரம் கருகியது. போன் எடுத்தால் "தண்ணி காணாது, இன்னும் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். பூத்தது ஒரே ஒரு பூ, அதுவும் அடுக்கடுக்காக இதழ் நிறைந்த பூ. நோக் அவுட்டில் இதழ் கொஞ்சம்தான், விரிந்து கிடக்கும். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் அடி இலைகளில் ஓரம் கீறல் கீறலான கறுப்பு வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு. ஏழு மணித்தியாலம் அளவுக்கு இலை ஈரமாகவே இருந்தால் போதும், இந்தக் கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடித்துவிடும். வாடை மழையில் எங்கள் முற்றத்தில் இலை காய்வதே இல்லை. மறுபடி போன் எடுத்தேன். "மழைக்கு அப்பிடித்தான் அக்கா." அதற்கு அடுத்த முறை இலக்கம் வேலை செய்யவில்லை.

இலையைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினேன். வீட்டுக்கே வந்து பார்த்தார். அடிமண்ணை விரலால் விலக்கியதும் தண்டில் ஒரு முடிச்சு. ஒட்டுக்கன்று! வேறொரு காட்டு ரோசாவின் வேரில் ஒட்டவைத்தது. நோக் அவுட்டைப் பெரும்பாலும் தண்டை வெட்டி நட்டுச் சொந்த வேரில்தான் வளர்ப்பார்கள். பையில் வந்த மண்ணும் கறுத்த மலைமண். நுவரெலியா பக்கத்துக் குளிரில், கூடாரத்துக்குள் வளர்ந்த கன்றாக இருக்கும் என்றார். 1,868 மீற்றர் உயரத்துக் கன்றைக் கடற்கரை மணலில் இறக்கினால் என்ன ஆகும்? மலைக்கன்று விற்பது பிழையில்லை, அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். நோக் அவுட் படம் ஒட்டிய அட்டையைக் கட்டி வேறொன்றைத் தள்ளிவிட்டது பச்சைப் பொய்.

மூன்று செத்தன. மற்ற இரண்டில் மேல்பகுதி காய்ந்து, முடிச்சுக்குக் கீழிருந்து வேறொரு கொடி கிளம்பியது, இலைக்காம்பில் ஏழு இலை. "துளிர்க்குது" என்று நான் சந்தோசப்பட்டது அந்தக் காட்டு வேரைப் பார்த்துத்தான்.

அவரிடம் ஏற்கனவே வாங்கியவர்கள் முடிச்சுக்குக் கீழே வருவதைத் தோன்றிய இடத்தோடு கிள்ளிவிடுங்கள், உதிர்ந்த இலையைக் கூட்டி எரியுங்கள், தண்ணீரைக் காலையில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். இனி வாங்கப்போகிறவர்கள் பூத்து நிற்கும் கன்றைக் கேளுங்கள், அடிமண்ணை விலக்கிப் பாருங்கள். "எந்தெந்த நோய் வராது, எங்கே வளர்த்தது?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். பற்றுச்சீட்டும் கேளுங்கள். நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, ஆனால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.