நான்கு வருடம், ஏழு இறால்கள், ஒரு வடிகட்டி அறை

பின்பக்கத்திலேயே வடிகட்டி அறைகள் சேர்ந்து வரும் 110 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். அதே மாடலுக்கு இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விளக்கு, பம்பு, கண்ணாடித் தடிமன் எல்லாம் அவரே அலசிவிட்டார், அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது இறாலைப் பற்றித்தான். இதுவரை ஏழு விட்டேன். இன்று கண்ணில் படுவது இரண்டு.

முதலில் விட்டது இரண்டு கிளீனர் இறால்கள். முதுகில் சிவப்புப் பட்டைகளும் நடுவில் வெள்ளைக் கோடும் உள்ள வகை. இரண்டாவது வாரமே ஒன்று அசையாமல் மணலில் கிடந்தது. செத்துவிட்டது என்று மனம் உடைந்து வெளியே எடுத்தால், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. ஓடு கழற்றிவிட்டுப் பாறை இடுக்கில் பதுங்கியிருக்கிறது. புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும், யார் வேண்டுமானாலும் கடித்துவிடலாம், அதனால் ஒன்றிரண்டு நாள் தலைகாட்டாது. இது தெரியாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பிறகு பழகிவிட்டது. கையை உள்ளே விட்டால் இரண்டும் ஓடி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். இந்த இனத்தில் வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும், எந்த இரண்டை விட்டாலும் ஜோடிதான். இரண்டின் வயிற்றுக்கடியிலும் பச்சை முட்டைகள் மாறி மாறி இருந்துகொண்டே இருந்தன. அந்த நாட்களை நினைத்தால் இந்தத் தொட்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது மாதம் ஒன்றைக் காணோம். எட்டாவது மாதம் இன்னொன்றும் போனது. உடலும் இல்லை, கூடும் இல்லை. மறு வருடம் அய்ப்டேசியா (பாறையில் களைபோலப் பரவும், கொட்டும் சிறு கடல் அனிமோன்) தொல்லைக்காக, அதைத் தின்னும் மூன்று பெப்பர்மின்ட் இறால்கள் விட்டேன். அய்ப்டேசியா சுத்தமாகப் போனது. ஒரே மாதத்தில் மூன்று இறால்களும் போயின.

இறாலைத் தின்னும் ஹாக்ஃபிஷ், சிக்ஸ்லைன் ராஸ் போன்ற மீன்கள் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், சில சங்கு நண்டுகள், அவ்வளவுதான். இறாலைக் கொல்லக்கூடிய தாமிரம் கலந்த மருந்து இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. லைவ் ராக்கோடு (கடலுயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) மற்ற இறால்களை வேட்டையாடும் மாண்டிஸ் இறால் வந்திருக்குமோ என்று பத்து ராத்திரி சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரவில் நடமாடும் பல கடலுயிர்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது என்பார்கள். பாட்டில் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிப் பொறியும் வைத்தேன். சிக்கியதெல்லாம் நத்தைகள். பாறை இடுக்கில் பிரிசில் புழுக்கள் (உடலெங்கும் முள்போன்ற மயிர் உள்ள கடற்புழுக்கள்) நெளிவதைப் பார்த்து அவற்றின்மேலும் கோபப்பட்டேன், அது நியாயமில்லை. அவை பெரும்பாலும் செத்ததைத் தின்பவை. சங்கு நண்டும் புழுவும் சேர்ந்தால் செத்த இறால் ஒன்றை ஒரே இரவில் தடயமில்லாமல் முடித்துவிடும். அதனால்தான் உடல் கிடைப்பதில்லை.

தொட்டியை மட்டும் திட்டுவதும் சரியாகாது. என் பக்கமும் தப்பு இருந்தது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி உப்பளவு (நீரின் ஒப்படர்த்தி) 1.025 என்று இருந்தேன். அந்த முள்ளில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) பார்த்தபோது 1.021 தான். கடையில் இறாலைப் போட்டுத் தந்த பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு இறாலை அப்படியே உள்ளே கொட்டியிருக்கிறேன். மீன் சமாளிக்கலாம், இறால் உப்பின் திடீர் மாற்றத்தைத் தாங்காது. பெப்பர்மின்ட்களில் ஒன்றிரண்டு அப்படிப் போயிருக்கலாம். இப்போது காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் கலந்துதான் விடுகிறேன். ஆனால் எட்டு மாதம் நன்றாக இருந்த கிளீனருக்கு இது காரணமாகாது.

போன வருடம் பம்பு நின்றுபோய்ப் பின் அறையைத் திறந்தேன். ஸ்பாஞ்சைத் தூக்கினால் கீழே ஒரு பெப்பர்மின்ட் இறால் உயிரோடு, கொழுகொழுவென்று! ஏழு மாதமாக இருட்டில், அழுக்கைத் தின்றுகொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் அது கழற்றிய கூடுகள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் கோபம் வந்தது. நீர் வழிந்து பின்னால் போகும் சீப்பு போன்ற பிளவுகளில் என் சுண்டுவிரல் நுழைகிறது. கடல்நீர்த் தொட்டி என்று பெயர் போட்டு விற்பவருக்கு இறால் அளவு தெரியாதா? ஒரு துண்டு வலை சேர்த்துக் கொடுத்திருந்தால் போதும். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நானே மெல்லிய பிளாஸ்டிக் வலை வெட்டிப் பொருத்தினேன். அதில் பாசி அடைத்து முன்பக்க நீர்மட்டம் ஏறுகிறது, வாரம் ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும்.

வலை போட்ட பிறகு விட்ட இரண்டு கிளீனர்களும் நலம், இரண்டும் முட்டையோடு இருக்கின்றன. மற்றபடி நான்கு வருடத்தில் ஒரு கசிவு இல்லை, விளக்கு மங்கவில்லை, பம்புகூட மாற்றியது ஒரே தடவை. இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். மீட்டு முன்னால் விட்ட அந்தப் பெப்பர்மின்டை மூன்று வாரமாகக் காணோம். வலை கிழியவில்லை. பின் அறையை இரண்டு தடவை முழுதாகக் காலி செய்து பார்த்துவிட்டேன். அங்கேயும் இல்லை.