ஹாஃப் டோமா, விட்னியா, கிளவுட்ஸ் ரெஸ்டா?

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வாட்ஸாப் குழுவில் பேச்சு மாறிவிடும். பொங்கல் விழாவின் கணக்கு வழக்கெல்லாம் ஓய்ந்து, "இந்த வருஷம் குலுக்கலுக்கு யார் யார் பேர் போடறீங்க?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மலையேற அனுமதி (பெர்மிட்) யாருக்கு என்று முடிவு செய்கிற குலுக்கல். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் சுமார் 400 மைல் நீளம். ஏறுவதற்குச் சிகரங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கிற நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டைத்தான்: யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹாஃப் டோம், தெற்கே மவுண்ட் விட்னி. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன், யோசெமிட்டியிலேயே இருக்கும் கிளவுட்ஸ் ரெஸ்ட். மூன்றிலும் ஏறியிருக்கிறேன். விட்னியில் முதல் தடவை பாதியிலேயே திரும்பினேன், அதையும் சொல்கிறேன்.

மூன்றும் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடியவை. மூன்றும் கருங்கல். உயரம், தூரம் என்று அட்டவணை போட்டால் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. நான் பார்த்தவரை ஒவ்வொரு மலையும் ஆட்களைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் வைத்திருக்கிறது. ஹாஃப் டோமில் பயம், விட்னியில் மூச்சு. இரண்டுக்கும் முன்னால் குலுக்கல். உங்களை எது திருப்பி அனுப்பும் என்று தெரிந்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

குலுக்கலையே முதலில் பார்த்துவிடலாம். விட்னிக்கு பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை விண்ணப்பிக்க வேண்டும். மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்குப் பகல் நடைக்கு 100 பேர், இரவு தங்குகிறவர்கள் 60 பேர், அவ்வளவுதான். ஹாஃப் டோமுக்கு மார்ச் மாதம் முழுவதும் நேரம் உண்டு. நாளொன்றுக்கு 300 பேர், அதில் 225 இடம் பகல் நடைக்காரர்களுக்கு. இங்கே பெயர் விழாவிட்டாலும் போகிற தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு சிறு குலுக்கல் இருக்கிறது. இரண்டுக்குமே சனி, ஞாயிறைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுகிற கதை. செவ்வாய், புதனைப் போடுங்கள், ஒரு நாள் லீவு போனால் போகட்டும்.

இன்னொன்று: ஹாஃப் டோம் பெர்மிட்டில் குழுத் தலைவர், மாற்றுத் தலைவர் என்று இரண்டு பெயர் கேட்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது நேரில் இருந்தால்தான் பெர்மிட் செல்லும். ஒரு வருஷம் எங்களில் ஒருவன் மாற்றுத் தலைவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, போகிற நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டான். மீதி ஐந்து பேரும் வழியில் இருக்கும் நெவாடா அருவி வரை போய்ப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

கிளவுட்ஸ் ரெஸ்டுக்குப் பகல் நடையாகப் போவதென்றால் குலுக்கலும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. பூங்கா நுழைவுக்கு உள்ளதைக் கட்டினால் போதும்.

இனி ஹாஃப் டோம். போக வர 14 முதல் 16 மைல், ஏற்றம் சுமார் 4,800 அடி. பாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸிலிருந்து விடியுமுன்னே கிளம்பினால் வெர்னல் அருவியின் சாரலில் படி ஏறும்போது வெளிச்சம் வரும். அருவி 317 அடி, அதற்கு மேலே நெவாடா அருவி 594 அடி. மே, ஜூனில் போனால் தொப்பலாக நனைவீர்கள். இந்த அருவிப் பாதைக்காக மட்டுமே ஹாஃப் டோமுக்கு இன்னொரு முறை போவேன். கேபிளுக்காகப் போக மாட்டேன்.

கேபிள் என்றால் என்ன என்று படத்தில் பார்த்தால் புரியாது. கடைசி 400 அடிக்கு வெறும் பாறைச் சரிவு. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிவடம், நடுவே பத்தடிக்கு ஒன்றாகக் குறுக்கே போட்ட மரச்சட்டம். சட்டத்தில் நின்று மூச்சு வாங்கலாம். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் காலை நம்ப முடியாது, கைதான் உடம்பைத் தாங்க வேண்டும். நூறு வருஷமாக ஷூக்கள் தேய்த்த இடம் கொத்தாத அம்மி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. ரப்பர் பூசிய கையுறை இல்லாமல் போகாதீர்கள். போனதடவை எனக்கு மூன்று சட்டம் மேலே ஒரு பெண் நின்றுவிட்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருடைய முழங்கால் தையல் மிஷின் போல ஆடுவது கீழேயிருந்தே தெரிந்தது. பின்னால் நாற்பது பேர், எதிரே இறங்குகிறவர்கள், எல்லாருக்கும் அதே இரண்டு வடம். இருபது நிமிஷம் அப்படியே தொங்கினோம். பாறை நனைந்திருந்தால், அல்லது தூரத்தில் இடி கேட்டால், குலுக்கலில் கிடைத்த அதிர்ஷ்டத்தை மறந்துவிட்டு இறங்கிவிட வேண்டும். ஈரத்தில் அங்கே வழுக்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஹாஃப் டோமில் யாராலும் ஏறவே முடியாது என்று 1860களில் எழுதியவர் மாநில நிலவியல் ஆய்வுக்குத் தலைவராக இருந்த ஜோசையா விட்னி. விட்னி சிகரம் இவர் பெயரில்தான் இருக்கிறது. 1875இல் ஜார்ஜ் ஆண்டர்சன் பாறையில் துளை போட்டு, ஆணி அடித்து ஏறிக் காட்டிவிட்டார். கேபிள் வந்தது 1919இல்.

விட்னி வேறு சமாச்சாரம். 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரம் அதுதான். போக வர 22 மைல், ஏற்றம் 6,100 அடிக்கு மேல். கோடையின் நடுவில், பனி கரைந்த பிறகு, பாதையில் கையை உபயோகிக்க வேண்டிய இடமே கிடையாது. எனக்குத் தெரிந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் ஏறியிருக்கிறார், மாரத்தான் ஓடுகிற தம்பிகள் தோற்றிருக்கிறார்கள். காரணம் காற்று. உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான்.

முதல் தடவை வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து நேராக விட்னி அடிவாரத்து ஊரான லோன் பைனுக்கு வண்டி ஓட்டினேன். மோட்டலில் மூன்று மணி நேரத் தூக்கம், இரவு இரண்டு மணிக்கு நடை. 12,000 அடியில் இருக்கும் டிரெயில் கேம்ப் வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்து 99 வளைவுகள் என்று சொல்வார்கள். முப்பதாவது வளைவில் தலைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். ஐம்பதாவதில் வாந்தி. கூட வந்தவர் என் பேச்சு குழறுவதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் என் பையை வாங்கிக்கொண்டு கீழே நடக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷர். இரண்டாவது தடவை அதே ஊருக்கு மேலே 10,000 அடியில் உள்ள ஹார்ஸ்ஷூ மெடோஸில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறினேன். மூச்சு வாங்கியது, தலை வலிக்கவில்லை.

விட்னியில் சில தொல்லைகள் கூடுதல். மலம் கழித்தால் அதைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும், அதற்கான பையை அங்கேயே கொடுக்கிறார்கள். இரவு தங்கினால் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள்தான் சாப்பாடு இருக்க வேண்டும். டிரெயில் கேம்பில் மார்மட் என்ற, அணிலுக்குப் பெரியப்பா போன்ற ஜந்து பையைக் கடித்துத் துளைக்கும், பாதுகாக்க மறந்தால் ஊறுகாய் உட்பட எல்லாம் போய்விடும். உச்சியில் 1909இல் கட்டிய கல் குடிசை ஒன்று இருக்கிறது. இடி மின்னலுக்கு அதற்குள் ஒதுங்காதீர்கள். 1990இல் அப்படி ஒதுங்கிய ஒருவர் உள்ளேயே மின்னல் தாக்கி இறந்தார். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மேகம் திரளும், அதனால் பகல் பன்னிரண்டுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுகிற மாதிரிக் கணக்குப் போடுங்கள்.

சரி, கிளவுட்ஸ் ரெஸ்ட். 9,926 அடி, அதாவது ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடி உயரம். டெனாயா ஏரியின் பக்கத்திலிருந்து கிளம்பினால் போக வர சுமார் 14 மைல். அந்த ஏரியைப் பூர்வகுடிகள் 'மின்னும் பாறைகளின் ஏரி' என்ற பொருளில் அழைத்தார்கள். பனியாறு தேய்த்து மெருகேற்றிய பாறை காலை வெயிலில் நிஜமாகவே கண்ணைக் கூசும். முதல் ஒன்றரை மைல் சமதளம், பிறகு ஆயிரம் அடிக்குச் செங்குத்தான வளைவுகள், கஷ்டம் என்றால் இந்த ஒரு இடம்தான். அதற்கப்புறம் காடு, ஒரு குட்டை, மறுபடி மெல்ல ஏற்றம்.

கடைசியில் மரங்கள் விலகி ஒரு கல் முதுகு வரும். சில இடங்களில் பாதை சில அடி அகலம்தான். வெங்காயத் தோல் உரிகிற மாதிரி தகடு தகடாக உரிந்து கிடக்கும் பாறை. மேலிருந்த பாரம் அரித்துப் போனதும் கருங்கல் விரிந்து இப்படித் தகடாகப் பிளக்கிறது. ஹாஃப் டோமின் உருண்டை முதுகும் இதே வேலைதான். ஒரு பக்கம் டெனாயா பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட 5,000 அடி சரிந்து இறங்குகிறது. எதிரே, சற்றுக் கீழே, ஹாஃப் டோம். பைனாகுலரில் பார்த்தால் கேபிளில் எறும்பு வரிசையாக ஆட்கள்.

இதற்கும் குறை உண்டு. டெனாயா ஏரிக்குப் போகும் டயோகா சாலை திறந்தால்தான் இந்த வழியாகப் போக முடியும், பனி அதிகமான வருஷங்களில் ஜூன் தாண்டிவிடும். ஜூலையில் கொசு பிடுங்கி எடுக்கும். செப்டம்பர் நல்லது, காட்டுத்தீப் புகை இல்லாமல் இருந்தால். பாதையில் அருவி கிடையாது. ஆபீஸில் பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள்.

என் தீர்ப்பு: முதல்முறை சியராவுக்குப் போகிறவர்கள் கிளவுட்ஸ் ரெஸ்டிலிருந்து தொடங்குங்கள். மேலே போனதும் வயிறு கலங்கினால் ஹாஃப் டோமுக்கு விண்ணப்பிக்க வேண்டாம், பத்து டாலர் மிச்சம். தலை வலித்தால் விட்னிக்கு முன்பு இரண்டு நாள் கூடுதலாக லீவு கேட்டு வையுங்கள். விட்னிக்குப் போக வேண்டும் என்று மனதில் இருந்தால் மட்டும் போங்கள், கூட்டத்தோடு கோவிந்தா போட அது இடமில்லை.

என் மனைவிக்கு உயரம் என்றால் ஆகாது. கல் முதுகு தொடங்கும் இடத்தில், அதில் ஏறாமல் கீழாகச் சுற்றிப் போகிற ஒரு பாதை பிரிகிறது. போன செப்டம்பரில் அவள் அந்தப் பிரிவிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேருந்தே பார்த்துக்கறேன்" என்றாள். நான் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது தயிர்சாத டப்பா காலி, எனக்கு எலுமிச்சை ஊறுகாய் மட்டும் மிச்சம் இருந்தது.