அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு: ஊர் மிக்ஸியா, 110 வோல்ட் மிக்ஸியா?

நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி). அங்கே 120 வோல்ட் (பேச்சு வழக்கில் 110), 60 ஹெர்ட்ஸ். ஊர் மிக்ஸியை அப்படியே செருகினால் மோட்டார் முக்கும், தேங்காய்த் துருவல்கூட மசியாது. அங்கத்திய வோல்ட்டை 230-க்கு உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட்டாவது வேண்டும். சுழலத் தொடங்கும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும், சின்னது என்றால் ஃபியூஸ் போய்விடும். செங்கல் மாதிரி கனம், மேடையில் இடமும் அடைக்கும். அரைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். சும்மா இருந்தாலும் மின்சாரம் தின்னும்.

110 வோல்ட் மாடல் விலை கூடுதல்தான். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். புதிதாக வாங்குவதென்றால் இதுவே சரி. கூடவே ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இரண்டு, நான்கு வாஷர் ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் போடுங்கள். முதலில் தேய்வது அவைதான்.

கிரைண்டருக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற சமாதானம் செல்லாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது; அது உள்ள கிரைண்டர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும்; உளுந்து மாவு சூடேறும், மோட்டாரும் சூடாகும். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் பார்த்தே வாங்குங்கள்.