என்எச்எல்: 6 பிரிவா, 4 பிரிவா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-இல் அணிகள் கிழக்கு, மேற்கு என இரண்டு மாநாடுகளாக (கான்ஃபரன்ஸ், அதாவது பெரிய குழு) இருக்கின்றன. அவற்றுக்குள் 2013 வரை மொத்தம் 6 பிரிவு, அப்புறம் 4 பிரிவு. எது நல்லது என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

பயணம்:
6 பிரிவு: டெட்ராய்ட் மேற்கு மாநாட்டில் இருந்ததால் கலிபோர்னியா ஆட்டங்கள் டெட்ராய்ட் நேரப்படி இரவு 10 மணிக்கு மேல்தான் தொடங்கும். அட்லாண்டா அணி 2011-இல் வின்னிபெக் போன பிறகும் புளோரிடா அணிகளோடு தென்கிழக்குப் பிரிவிலேயே கிடந்தது, கொடுமை!
4 பிரிவு: டெட்ராய்ட், கொலம்பஸ் கிழக்குக்கு, வின்னிபெக் மத்தியப் பிரிவுக்கு.

அட்டவணை:
6 பிரிவு: 82 ஆட்டத்தில் எதிர் மாநாட்டோடு 18 மட்டுமே.
4 பிரிவு: இப்போது அது 32; எல்லா அணியும் எல்லா அரங்குக்கும் வருகிறது.

பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்):
6 பிரிவு: பிரிவில் முதலில் வந்தவர்களுக்கே மாநாட்டின் முதல் மூன்று இடம் என்பதால், 2012-இல் 94 புள்ளி புளோரிடாவுக்கு மூன்றாம் இடம், 108 எடுத்த பிட்ஸ்பர்க்குக்கு நான்காவது.
4 பிரிவு: ஒரே பிரிவில் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள் மோத வேண்டும் என்பதால், 2017-இல் 111 எடுத்த பிட்ஸ்பர்க்கும் 108 எடுத்த கொலம்பஸும் முதல் சுற்றிலேயே மோதின, இதுவும் அநியாயம்தான்.

பக்கத்து அணியோடு வருஷத்துக்கு 6 தடவை மோத வேண்டும் என்பவர்களுக்குப் பழையதே சரி. எல்லா நட்சத்திரங்களையும் சொந்த ஊரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு 4 பிரிவு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பிளேஆஃபை மட்டும் மாநாட்டு வரிசைப்படி ஒன்று முதல் எட்டு வரை வைக்க வேண்டும்.