பூர்வி ஸ்டாரும் ஒரு சாண் கயிறும்: கோட்டாறு பிரேம் கடை

முட்டத்தில் எங்கள் வீடு கடலைப் பார்த்தது. உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, பதக்கம் எம்மாத்திரம்? ராணுவத்தில் இருந்த சின்ன மாமா 1971 இந்தியா-பாகிஸ்தான் போருக்காக வாங்கிய இரண்டு பதக்கங்கள், பூர்வி ஸ்டாரும் சங்க்ராம் மெடலும், பிஸ்கட் டின்னில் ஐம்பது வருஷம் கிடந்து ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

சட்டம் போட முதலில் வேறொரு கடையில் கொடுத்து ஏமாந்தேன். பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்கள், ரிப்பனில் கறை. அதைப் பிரித்து எடுத்துக்கொண்டுதான் கோட்டாறு போனேன். சவேரியார் பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னக் கடை. இந்த அண்ணாச்சி பசையைத் தொடவே இல்லை. ரிப்பனின் மேல்மடிப்பை மட்டும் வெல்வெட்டோடு நூலால் தைத்தார். கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் விட்டு, பின்பக்கம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைக்க ஒரு சிறு அறையும் செய்தார்.

டின்னில் ஒரு சாண் கயிறும் இருந்தது. "இது என்ன சாரே, வலைக் கயிறா?" என்றார். பாராசூட் கயிறு என்றதும் வேலையை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சொன்னேன். 1971 டிசம்பர் 11 சாயங்காலம், இன்றைய வங்காளதேசத்தில் இருக்கும் டாங்கைல். மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிய பாகிஸ்தானின் 93-வது பிரிகேடை மறிக்க, பூங்லி பாலத்தைப் பிடிக்க வேண்டும். லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் இந்திய ராணுவத்தின் பாராசூட் படையான 2 பாரா பட்டாலியனும் அதோடு சேர்ந்த பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவினரும் குதித்தார்கள். ஊர்க்காரர்கள் 'ஜெய் பங்களா' என்று ஓடிவந்து சாமான் தூக்கினார்களாம். மாமா சண்டை போட்ட ஆளில்லை, மருந்துப் பையோடு குதித்தவர். 16-ஆம் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்ததும் அதே 2 பாராதான்.

தன்னைப் பற்றி மாமா அதற்கு மேல் பேசமாட்டார். டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் என்றால் மணிக்கணக்கில் பேசுவார். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியப் போரில் 60 பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவை நடத்தியவர், வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது வாங்கியவர். 1951 மார்ச்சில் கொரியாவின் முன்சானில் அமெரிக்காவின் 187-வது பாராசூட் படைப்பிரிவோடு இந்த ஆம்புலன்ஸ்காரர்களும் குதித்தார்கள். சுடப் போனவர்களோடு கட்டுப்போடப் போனவர்களும் அதே கதவு வழியாகத்தானே குதிக்க வேண்டும்!

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றார், பதினொன்று ஆனது. சங்க்ராம் மெடலை இடப்பக்கம் வைத்துவிட்டார். நம் பார்வைக்கு பூர்வி ஸ்டார்தான் இடப்பக்கம் வர வேண்டும். சொன்னதும் அன்றைக்கே காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். நீங்கள் போனால் வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய், கொடுக்கலாம்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா அன்னைக்கு கயிறு இவ்வளவு நேராவா கிடந்துது?"